நீலக் கார் நிற்கும் வீடு

"மாப்ள வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள இது வாசல்ல இருக்கக் கூடாது. இருந்துச்சு, நாளைக்குக் காயலாங்கடைக்காரனக் கூப்பிட்டுடுவேன்" என்றாள் கிளியம்மாள்.

கணவர் லோகநாதன் காரைப் பார்த்தார். நாற்பது வயதுப் பத்மினி. நீல நிறம், துருப்பிடித்த இடங்களில் மட்டும் வேறு நிறம். வாங்கிய அன்று சேலையூர் வரை ஓடி வந்ததோடு அதன் ஓட்டம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் துடைத்துவிட்டு, உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். யாரும் எதுவும் கேட்காத ஒரே இடம் அது. அந்த மௌனத்துக்குத்தான் விலை கொடுத்திருந்தார். என்ஜினும் அதை ஒருநாளும் கலைத்ததில்லை.

"அவங்க பாக்க வர்றது தர்ஷினிய. காரை இல்ல" என்று சொல்லிப் பார்த்தார்.

"துருப்பிடிச்ச குடும்பம்னு நினைக்க மாட்டாங்களா? மாப்ளயோட அப்பா தயாளன் சார் தங்கமான மனுஷன். நேத்து போன்ல என்னவோ இழுத்து இழுத்துப் பேசினாரு. நான் விடல. மடமடன்னு வழியைச் சொன்னேன். உடனே 'கண்டிப்பா வர்றோம்மா'ன்னுட்டாரு. எடுங்க இத!"

மகள் தேவதர்ஷினி சிறுசேரி ஆபீஸுக்கு லீவு சொல்லியிருந்தாள். ஆனாலும் உள்ளறையில் பட்டுப்புடவையோடு லேப்டாப் முன்னால் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள்.

கேம்ப் ரோட்டிலிருந்து மெக்கானிக் சேட்டு ஒரு பேட்டரியோடு வந்தான்.

"இன்னாண்ணா, நம்ம ஹீரோயினுக்கு இன்னா ஆச்சு?"

"எழுந்திருக்க மாட்டேங்குது, சேட்டு."

"எப்ப எழுந்துச்சு?"

பேட்டரியைப் பூட்டினான். என்ஜின் எழவில்லை. ஹாரன் எழுந்தது. எழுந்தது நிற்கவில்லை. தெருவே வெளியே வந்து பார்த்தது. சேட்டு ஒரு ஒயரைப் பிடுங்கினான். ஹாரன் நின்று, வைப்பர் ஆட ஆரம்பித்தது.

"வுடுண்ணா, அது பாட்டுக்குத் தொடச்சிக்கினு வரட்டும். நீ உள்ள குந்து. நான் தள்றேன்."

தெருமுனை வரை தள்ளினான். அதற்கப்புறம் தள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை; சாலை சரிவாக இருந்தது. லோகநாதன் பிரேக்கை மிதித்தார். அது மரியாதையாகத் தரை வரை போய் அங்கேயே தங்கிவிட்டது. காற்று முகத்தில் அடித்தது. பயத்தை மீறி ஒரு சந்தோஷம்.

"சேட்டு! ஓடுது!"

"ஓடலண்ணா, உருளுது!"

அடுத்த தெருவில், யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் மோதி நின்றது. ரோஸி டீச்சர் வீட்டு கேட்டை முழுதாக மறித்துக்கொண்டு.

டீச்சர் ஸ்கூட்டர் சாவியோடு வெளியே வந்தார். "சார், நான் சர்ச்சுக்குப் போகணும். ஸ்கூட்டரை உங்க கார் மேல ஏத்தி எடுக்கவா?"

"கோச்சுக்காதீங்க டீச்சர். சேட்டு போய் கயிறு கொண்டு வந்து இழுத்துடுவான். அது வரைக்கும் மட்டும்."

வீட்டுக்கு ஓடி, கிரீஸ் சட்டையை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. பஜ்ஜி ஆறியது. கிளியம்மாள் மறுபடி சூடாக்கினாள். அதுவும் ஆறியது.

"வழி சரியா சொன்னியா?"

"எல்லாருக்கும் சொல்றதுதான். கேஸ்காரன், தண்ணி கேன்காரன், கொரியர்காரன், ஒருத்தனாவது வழி மாறிப் போயிருக்கானா? கேம்ப் ரோட்லேர்ந்து உள்ள வாங்க, வாசல்ல பழைய நீலப் பத்மினி நிக்கும், அதான் எங்க..."

பாதியில் நிறுத்தினாள். இருவரும் அடுத்த தெருவுக்கு ஓடினார்கள்.

ரோஸி டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஓர் இளைஞன் கேக் தின்றுகொண்டிருந்தான். மாப்பிள்ளை வெற்றிவேல்.

"இவங்க வந்து 'இந்தக் கார் வீடு இதுதானே'ன்னாங்க. காரை இழுக்க வந்தவங்கன்னு நினைச்சேன். ஆனா அவரு இழுக்கவும் இல்ல, விடவும் இல்ல" என்று டீச்சர் வெளியே கைகாட்டினார்.

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தயாளன் வெளியே வந்தார். பட்டு வேட்டி முழுக்கக் கறுப்பு, கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் ஒரிஜினல் சார்! யாரும் கை வைக்கவே இல்ல!"

கிளியம்மாள் அவர்களை வீட்டுக்கு அழைத்து வந்தாள். "லேடீஸ் யாரும் வரலீங்களா?"

"அவங்களுக்கு இதுல ஆர்வம் இல்லம்மா" என்றார் தயாளன்.

தேவதர்ஷினி காப்பி கொண்டுவந்தாள். தயாளன் டம்ளரை மட்டும் வாங்கிக்கொண்டு, "கியர் ஸ்டியரிங் பக்கத்துலதானே சார்?" என்று லோகநாதனிடம் கேட்டார். பெண்ணின் படிப்பு, சம்பளம், நட்சத்திரம் எதையும் கேட்கவில்லை. இவ்வளவு பெருந்தன்மையைக் கிளியம்மாள் கண்டதில்லை.

"காரை முதல்ல நம்ம வாசலுக்கே கொண்டு வாங்க. லட்சுமிகரமான வண்டி" என்று கணவனின் காதில் சொன்னாள். லோகநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கிளியம்மாள் வெற்றிவேல் பக்கம் திரும்பினாள். "கூச்சப்படாம சொல்லுங்க தம்பி. பொண்ணப் புடிச்சிருக்கா?"

வெற்றிவேல் அப்பாவைப் பார்த்தான். அப்பா கூரையைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, எனக்குப் போன மாசமே வேற இடத்துல நிச்சயம் ஆயிடுச்சு. அதைச் சொல்லத்தான் அப்பா போன் பண்ணாரு. அதுக்குள்ள நீங்க வாசல்ல பத்மினி நிக்குதுன்னுட்டீங்க... எங்க வீட்லயும் ஒரு பத்மினி நிக்குது, அதுக்குக் கார்பரேட்டர் கிடைக்காம அவரு ராத்திரில தூங்குறதே இல்ல."