படகுல ஒரே ஒரு இடம்தானாமே

பெருமதிப்பிற்குரிய ‘வெள்ளிக்கதை’ செயலி ஆசிரியர் அவர்களுக்கு,

திருத்துறைப்பூண்டிக்குத் தெக்கே ஒரு கிராமத்துலேர்ந்து பிரகதீஸ்வரி, அதாவது உங்க கமெண்ட் பாக்ஸ்ல ‘ஆம்பல்_ஆர்மி’, பணிவோட எழுதிக்கிறது. இங்க எல்லாரும் நலம். நீங்களும் எழுத்தாளர் ஷமா மேடமும் வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லா இருக்கணும். அதுக்கப்புறம் எப்படி இருக்கணுங்கறது கடைசி அத்தியாயத்தப் பொறுத்தது. மிரட்டல் இல்லங்க, கவலை.

‘உப்பு வருஷம்’ முப்பத்தொம்பதாவது அத்தியாயத்துல கடல் மன்னார்குடி வரைக்கும் வந்துடுச்சு, விதைநெல் மூட்டையோட அக்கா அல்லியும் தங்கச்சி ஆம்பலும் கோபுரத்து உச்சில நிக்கிறாங்க, படகு வருது, அதுல ஒரே ஒரு இடம். ‘தொடரும்’னு போட்டுட்டு நீங்க பாட்டுக்கு சாப்பிடப் போயிருப்பீங்க. நான் சாப்பிடலங்க. எங்க வீட்லயும் அதே நெலமதான். எங்க அக்கா தர்ஷினிக்கு ஜப்பான்ல நர்ஸ் வேலை கெடச்சிருக்கு. ஆர்டர் வந்து பதினெட்டு நாளாச்சு, போறேன்னும் சொல்ல மாட்டேங்குறா, போகலன்னும் சொல்ல மாட்டேங்குறா. நச்சரிச்சுக் கேட்டதுக்கு, “அல்லி ஏறுனா நானும் ஏறுறேன், அல்லி இருந்துட்டா நானும் இருந்துடுறேன், போதுமாடி?”ன்னா. அவ வெளையாட்டுக்குச் சொல்லியிருக்கலாம். நான் சத்தியமா எடுத்துக்கிட்டேன். அதனால அல்லி அந்தப் படகுல ஏறவே கூடாது. இது ஒரு வாசகியோட தாழ்மையான உத்தரவு.

உங்க கதைய நான் எந்தளவுக்கு நம்புறேன்னு கேளுங்க. வரப்புல நண்டெல்லாம் கூட்டமா ஏறுனா மூணு நாள்ல உப்புத்தண்ணி வரும்னு பதினொண்ணாவது அத்தியாயத்துல வருதுல்ல, போன செவ்வாக்கெழம எங்க வரப்புல நாப்பது நண்டு! சாக்கு, வைக்கோல், சேறுன்னு கெடச்சதையெல்லாம் அள்ளிப்போட்டு, வாய்க்கால்லேர்ந்து எங்க வயலுக்குத் தண்ணி வர்ற மடைய அடைச்சுட்டேன். அன்னிக்கின்னு பாத்து எங்க முறைத்தண்ணி, பத்து நாளைக்கு ஒருக்கா வர்றது. எங்க நாத்தங்காலுக்கு வரவேண்டிய தண்ணி பூரா பக்கத்து வயல் வைரக்கண்ணு மாமாவுக்குப் போயிடுச்சு. அவரு வேற அப்பாவுக்கு போன் போட்டு, “உன் மனசு யாருக்கு வரும் மச்சான்!”னு நன்றி சொல்றாரு. நண்டு ஏறுனதே மாமா முந்துன நாள் அடிச்ச பூச்சி மருந்துனாலதானாம். ஷமா மேடம் இத எங்கயுமே போடலயே?

அப்பா மண்ணு வெட்டுற மம்முட்டியோட வந்து நின்னாரு. “எவ மடைய அடைச்சது?”

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அக்கா, “நான்தாம்ப்பா.”

“நீயா? வயலு எந்தப் பக்கம்னே ஒனக்குத் தெரியாதேம்மா!”

“வழி கேட்டுக்கிட்டே போனேன்ப்பா.”

அப்பாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. சொல்லுங்க, இவ ஜப்பானுக்குப் போயிட்டா என் அடுத்த மடைக்கு யாருங்க பழி ஏத்துக்குவா?

இன்னொரு கோரிக்கை. ‘உப்புக்காத்து07’னு ஒரு ஐடி. மூணு மாசமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து, “அல்லி ஊர விட்டுப் போகணும், அவ போனாதான் ஆம்பல் தானா நிப்பா”ன்னு எழுதுது. “கல்நெஞ்சு! கூடப்பொறந்தவங்க இருந்தா தெரியும்”னு நான் திட்டுனா, “இருக்கா, அதான் சொல்றேன்”னு பதில் வேற. தயவுசெஞ்சு அத ப்ளாக் பண்ணுங்க. பதினாலு ஐடிலேர்ந்து ரிப்போர்ட் அடிச்சேன். நீங்க என் பதினாலு ஐடியத்தான் ப்ளாக் பண்ணீங்க.

உங்க செயலில விளம்பரம் கொறையணும், ஷமா மேடத்துக்கு வெரல் வலிக்காம இருக்கணும், அல்லி மனசு மாறணும்னு எங்க ஊரு மாரியம்மன வேண்டிக்கிட்டு,

இப்படிக்கு,
படகையே வெறுக்கும்
பிரகதீஸ்வரி

பி.கு.: என் நெட் தீந்துடுச்சு. இத அனுப்புறதுக்கு ஹாட்ஸ்பாட் போடலாம்னு அக்கா போன எடுத்தேன். உங்க செயலி தொறந்தே கெடந்துச்சு. உள்ள இருக்குற ஐடி உப்புக்காத்து07. அனுப்பாத கமெண்ட் ஒண்ணு பாதில நிக்குது: “அல்லிக்குப் போக ஆசைதான். ஆம்பல் மொகத்தப் பாத்து அதச் சொல்லத்தான்”. அதோட நிக்குது. அஞ்சு தடவ படிச்சுட்டேன். அடுப்படிலேர்ந்து “என் போன் எங்கடி?”ன்னு கத்துறா. ஆசிரியர் அவர்களே, மேல எழுதுனது எதையும் கணக்குல எடுத்துக்காதீங்க. அல்லிய ஏத்தி விட்டுடுங்க. ஆம்பல் அழுதா அழட்டும், விதைநெல்ல மட்டும் அவகிட்ட குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. போன குடுத்துட்டு நேரா அப்பாகிட்டத்தான் போறேன், மடைய அடைச்சது நான்தான்னு சொல்ல.