ஊறுகாய் மீனும் இங்கெலாவின் டர்போவும்

ஸ்டியரிங்குக்குக் கீழே எவ்வளவு தடவியும் சாவித்துளை அகப்படவில்லை. டோர்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தடவினார். அப்புறம்தான் நினைவு வந்தது. இந்த வண்டிக்குச் சாவித்துளை இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில், கியருக்குப் பின்னால் இருக்கிறது. மனைவி இங்கெலா எத்தனையோ முறை காட்டியிருந்தாள்.

வண்டியைத் தொடவே கூடாது என்றும் அவள் எத்தனையோ முறை சொல்லியிருந்தாள்.

மகளுக்கு வீடு மாற்ற உதவி செய்ய அவள் மால்மோவுக்குப் போயிருந்தாள். ரயிலில்தான் போனாள். கறுப்பு சாப் 900 டர்போ காரைப் பெரிய ஊரில் தெருவோரம் நிறுத்திவிட்டுத் தூங்க அவளால் முடியாது. இங்கே ட்ரோல்ஹெட்டனிலேயே, தூங்கப் போகுமுன் கொட்டகைக்குப் போய் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். எண்ணெய் மாற்றுவது, மெழுகு போடுவது, குளிர்காலத்தில் போர்வை போர்த்துவது எல்லாம் அவள் கை வேலை. டோர்ஸ்டனுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கே போனாலும் சைக்கிள்தான்.

ஆனால் அந்த வண்டியை வாங்கிக் கொடுத்தது அவர்தான். அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, அப்பா விட்டுப்போன படகை விற்று வாங்கினார். நம்பர் பலகையில் அவள் பெயரையே போட்டுக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது இங்கெலா பானெட்டின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து வண்டியைப் பற்றி யார் கேட்டாலும், எஞ்சின் எவ்வளவு குதிரைசக்தி என்று சொல்வதற்கு முன்னால், "டோர்ஸ்டன் குடுத்தது" என்றுதான் ஆரம்பிப்பாள்.

இன்று தேவாலயத்தில் பாடகர் குழுவின் கோடை விருந்து. ஊறவைத்த ஹெர்ரிங் மீன் டோர்ஸ்டனின் பொறுப்பு. வினிகர், சர்க்கரை, வெங்காயம், டில் கீரை எல்லாம் போட்டு ஒரு வாளி நிறையச் செய்து வைத்திருந்தார். கிளம்பும் நேரத்தில் சைக்கிள் டயரில் காற்று இல்லை. தேவாலயம் ஒன்றும் தூரமில்லையே என்று நினைத்துவிட்டார். வாளியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஒரு குழந்தைக்குப் போடுவதைப் போல சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார்.

வழியில் ஒரு டிராக்டர் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டலாம் என்று பெடலை மிதித்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தார். எங்கிருந்தோ மெல்லிய விசில் சத்தம் கேட்டது. அடுத்த கணம் முதுகில் யாரோ இரண்டு கையையும் வைத்துத் தள்ளியதுபோல வண்டி பாய்ந்தது. டிராக்டர் கண்ணாடியில் ஒரு புள்ளியாகச் சிறுத்துப்போனது. டோர்ஸ்டன் தன்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வரும் இங்கெலா ஏன் சின்னப் பெண் மாதிரி முகத்தோடு வந்து இறங்குகிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

எதிரே ரவுண்டானா வந்தது. பிரேக்கை அழுத்தினார்.

பெல்ட் வாளியைப் பிடித்துக்கொண்டது. வாளியின் மூடியைப் பிடிக்க ஆளில்லை.

விருந்தில் எல்லோரும் வெறும் உருளைக்கிழங்கைத் தின்றார்கள். மீன் கெட்டுப்போய்விட்டது என்று டோர்ஸ்டன் சொல்லி வைத்தார். யாரும் சந்தேகப்படவில்லை, அவரிடமிருந்து ஏன் அவ்வளவு டில் வாசனை வருகிறது என்று மட்டும் பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

வீட்டுக்கு வந்து மீன் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார். வினிகர் தண்ணீர் சீட்டுக்குள்ளும் தரைவிரிப்புக்குள்ளும் இறங்கியிருந்தது. கழுவினால் போய்விடும் என்று தோட்டக் குழாயை உள்ளே விட்டார். தாராளமாகச் சோப்பும் போட்டார். நுரை அடங்குவதற்குள் மாலையாகிவிட்டது. மறுநாள் கதவைத் திறந்தபோது, முன்பு மீன் கடையாக இருந்த வண்டி இப்போது மீன் கடையும் சலவைக்கடையும் சேர்ந்ததாக மாறியிருந்தது.

கெட்ட வாடையைக் காப்பித்தூள் இழுத்துக்கொள்ளும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். இரண்டு பொட்டலம் வாங்கிவந்து சீட்டெல்லாம் தூவினார். ஈரம் காயாத துணியில் காப்பித்தூள் விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அவர் கேட்டிருந்த யோசனையில் ஒன்றும் இல்லை. இளம்பழுப்பாக இருந்த வெல்வெட் சீட்டில் கரிய திட்டுகள் பரவின. தேய்க்கத் தேய்க்க இன்னும் பரவின.

காய்ந்துவிட்டால் தட்டி உதறிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ஹீட்டர் ஒன்றை உள்ளே வைத்தார். சூடு வெளியே போகாமலிருக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பசியாறப் போனார். திரும்பி வந்தபோது உள்ளே ஆவி பறந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும், பல வருஷப் பசையை நம்பிக் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்த துணி, மெல்ல, ஒரு பெருமூச்சோடு, மொத்தமாகச் சீட்டுகளின் மேல் வந்து படுத்துக்கொண்டது.

டோர்ஸ்டன் கொட்டகை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வரும் சனிக்கிழமை இங்கெலா சேர்ந்திருக்கும் பழைய கார் கிளப்பின் கோடைக் கூட்டம். பழைய சாப், வோல்வோ வைத்திருக்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து கார் அருங்காட்சியகத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்துவார்கள். இங்கெலா அதற்காகவே வெள்ளிக்கிழமை திரும்புகிறாள்.

பக்கத்து வீட்டு கென்னெத் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் வைத்திருப்பது செங்கல் மாதிரி சதுரமான வோல்வோ 240 டர்போ. இங்கெலாவும் அவரும் சந்திக்கும்போதெல்லாம் ஒருவர் வண்டியை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். ஒருவர் வண்டி நின்றுபோனால் அடுத்தவர்தான் முதலில் கயிற்றோடு ஓடுவார். இப்போது அவர் வந்து குனிந்து உள்ளே நெடுநேரம் பார்த்தார்.

"கூடாரம் நல்லா இருக்கு," என்றார். "உள்ள மீனும் காப்பியும் குடுப்பியா?"

"கென்னெத், அவ என்னைக் கொன்னுடுவா."

"கொல்ல மாட்டா. வண்டிய விட்டு இறங்காம உன்ன வீட்ட விட்டு இறக்கிடுவா."

சிரித்தாலும், கென்னெத் கைவிடவில்லை. பக்கத்து ஊரான வேனர்ஸ்போர்கில் ரூத் என்றொரு அம்மாள் கார் சீட்டுகள் தைக்கிறார், அவரால் மட்டும்தான் முடியும், இப்போதே போவோம் என்றார். போவது எப்படி? துணி தலையில் தொங்கினால் ஓட்டுகிறவருக்குத் தெரு தெரியாது. டோர்ஸ்டன் வீட்டுக்குள் ஓடி, இங்கெலாவின் பெரிய குடையை எடுத்துவந்தார். கென்னெத் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து குடையை உள்ளேயே விரித்துக் கூரைத்துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கால்வாய்ப் பாலத்துக்கு வந்தபோது படகு ஒன்றுக்காகப் பாலம் தூக்கிக்கொண்டது. வண்டிகள் வரிசையாக நின்றன. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பாதசாரிகள் நின்று பார்த்தார்கள். பாடகர் குழுவில் உச்சக்குரலில் பாடும் அன்-மாரி சைக்கிளிலிருந்து இறங்கிவந்து கண்ணாடியைத் தட்டினாள். டோர்ஸ்டன் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினார். உள்ளிருந்து கிளம்பிய காற்று பட்டதும் அன்-மாரி ஓரடி பின்வாங்கினாள்.

"உள்ள மழையா, டோர்ஸ்டன்?"

"லேசா," என்றார் டோர்ஸ்டன்.

ரூத் எழுபதைத் தாண்டியவர். வாயில் இரண்டு ஊசியைக் கவ்வியபடியே வெளியே வந்தார். நம்பர் பலகையைப் பார்த்தார். உள்ளே தலையை விட்டார். தலையை வெளியே எடுத்தபோது அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று டோர்ஸ்டனுக்குத் தெரியவில்லை. இங்கெலாவுக்கு விஷயம் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது, தெரியவும் கூடாது என்றார் டோர்ஸ்டன். அந்த வண்டி தன் மனைவிக்கு வெறும் வண்டி இல்லை, தான் கொடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஒரு நூல் பிசகாமல் வைத்திருக்கிறாள், அதைத் தன் கையாலேயே பாழாக்கிவிட்டதை எப்படிச் சொல்வது என்றார். கென்னெத் திடீரென்று தன் செருப்பு வாரைக் கவனிக்க ஆரம்பித்தார்.

ரூத் ஊசிகளை வாயிலிருந்து எடுத்தார். "வெள்ளிக்கிழமை காலைல வா," என்றார்.

வெள்ளிக்கிழமை போனபோது டோர்ஸ்டன் உள்ளே குனிந்து பார்த்தார். கூரை தட்டையாக, சுருக்கமில்லாமல் இருந்தது. சீட்டுகளில் அதே பழுப்பு, அதே தையல். ரூத்தின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். ரூத்துக்குச் சங்கடமாகிவிட்டது.

அங்கிருந்து நேரே ரயில் நிலையத்துக்கு ஓட்டினார். வண்டியை நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்கவில்லை. டர்போ சூடு தணியக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும் என்று இங்கெலா சொல்வது இந்த முறை நினைவிருந்தது. அப்புறம் ரிவர்ஸ் கியரில் போட்டார். அப்போதுதான் இந்த வண்டி சாவியைத் திருப்பிக் கொடுக்கும். இங்கெலா பெட்டியோடு நடைமேடையிலேயே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொட்டதற்குத் திட்டு விழும் என்று அவர் காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"ஆற விட்டு அணைச்சியே," என்றாள். கிட்டே வந்து அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

அவள்தான் ஓட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் மூக்கை உறிஞ்சினாள். டில் வாசனை வருகிறதே என்றாள். விருந்துக்கு மீன் வாளி கொண்டுபோனேன், மூடி இறுக்கமாகத்தான் இருந்தது என்று டோர்ஸ்டன் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். சிக்னலில் நின்றபோது இங்கெலா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். ஒரு விரலால் தையலோரமாகத் தடவினாள். அவள் முகம் மெல்லச் சிவந்தது.

"அப்படியே இருக்கு, இல்ல?" என்றாள், தெருவைப் பார்த்தபடி. "நீ குடுத்த அன்னிக்கு இருந்த மாதிரியே."

"அப்படியேதான் இருக்கு," என்றார் டோர்ஸ்டன்.

அவள் கியரிலிருந்து கையை எடுத்து அவர் கையின் மேல் வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றியது.

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. அருங்காட்சியகத்துக்கு முன்னால் வண்டிகள் பளபளவென்று நின்றன. ஜனங்கள் பானெட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி குனிந்து குனிந்து பார்த்தார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதி கறுப்பு டர்போவின் முன்னால் நின்றுவிட்டார்கள். உள்ளே எல்லாமே பழசு மாறாமல் இருக்கிறதே, இவ்வளவு காலம் எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டார்கள்.

"டோர்ஸ்டன் குடுத்தது," என்றாள் இங்கெலா. "என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு. அன்னியிலேர்ந்து கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறேன்."

பக்கத்தில் நின்ற கிளப்காரர்கள் சிலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. கென்னெத் தன் வோல்வோவின் பானெட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

டோர்ஸ்டனால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. எல்லோருக்கும் எதிரில், அவ்வளவு பெருமையோடு, அவள் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது பொய் என்று அவளுக்கே தெரியாது. அப்படிச் செய்துவிட்டேனே. நாற்பது வருஷமாக அவளிடம் அவர் எதையும் மறைத்ததில்லை. பிறந்தநாள் பரிசைக்கூட முதல்நாளே உளறிவிடுகிறவர். அந்த வண்டி ஒன்றைத்தான் கடைசிவரை வாய் திறக்காமல் காப்பாற்றியிருந்தார்.

காப்பிக் கடையருகே ரூத் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டியில் வைத்த சாஸேஜைத் தின்றுகொண்டிருந்தார். டோர்ஸ்டன் அவர் எதிரில் போய் நின்றார்.

"ரூத், நீ பண்ண உதவிய நான் மறக்க மாட்டேன். ஆனா என்னால முடியல. இப்பவே போய் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். மீன், காப்பி, கூரை எல்லாம்."

ரூத் மெல்லுவதை நிறுத்தினார்.

"அவ கோவிச்சுக்கட்டும். அழட்டும்," என்றார் டோர்ஸ்டன். "நான் குடுத்த வண்டி இனிமே அந்தப் பழைய வண்டி இல்லன்னு அவளுக்குத் தெரிஞ்சே ஆகணும்."

ரூத் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். கடுகு சாஸ் ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு, கறுப்பு வண்டியின் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வாய மூடிக்கிட்டு உக்காரு டோர்ஸ்டன், நீ குடுத்த வண்டிய அவ உறைஞ்ச ஏரி மேல பந்தயம் ஓட்டப் போய்த் தண்ணிக்குள்ள விட்டு எத்தனையோ வருஷமாச்சு, உன் மனசு நோகும்னு இதே மாதிரி ஒண்ணத் தேடிப் பிடிச்சு, சீட்டெல்லாம் அதே மாதிரி தச்சுக் குடுன்னு எங்கிட்ட வந்து உக்காந்து அழுதா, இந்தக் கிளப்புல அது தெரியாத ஒரே ஆளு நீதான்."