கேம்பர் டிரெய்லருக்கு நான் வைத்த பரீட்சை

என் மனைவியின் ஒரே தம்பியும், என் பெண்களுக்கு ஒரே மாமனும், என் பேச்சைப் பாதியில் வெட்டுவதில் கைதேர்ந்தவனுமாகிய மைத்துனனுக்கு, அத்தான் அன்போடு எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் அக்கா, பெண்கள் இருவர், கார் எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் வயிற்று எரிச்சலும் எப்படியிருக்கிறீர்கள் என்று எழுது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று யோசனை சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பொறுமையாகப் படி, உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

பெரியவளுக்கு வெளிநாட்டில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்ததும், கிளம்பும் தேதி குறித்தாகிவிட்டதும் உனக்குத் தெரியும். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "போறதுக்குள்ள ஒரே ஒரு தடவ நாலு பேரும் எங்கயாவது காட்டுக்குள்ள போய் நாலு நாள் இருந்துட்டு வரணும்ப்பா. ஓட்டல் கீட்டல் வேணாம். ரோடு எங்க முடியுதோ அதுக்கும் அந்தப் பக்கம்." மகள் வாய்விட்டு ஒன்று கேட்கிறாள், அதுவும் இந்த வீட்டில் இருக்கப்போகும் கடைசி மாதத்தில். நான் தட்டிலிருந்து கையை எடுக்காமலேயே சரி என்று சொல்லிவிட்டேன். ரோடு முடிந்த பிறகும் போக வேண்டுமென்றால் சாதாரண டிரெய்லர் உதவாது, காருக்குப் பின்னால் மாட்டிக் கல்லிலும் பள்ளத்திலும் இழுத்துப் போய் உள்ளேயே படுத்துத் தூங்குகிற கேம்பர் டிரெய்லர்தான் வேண்டும். நீ அப்போதே, "அத்தான், முதல்ல வாடகைக்கு எடுத்துப் பாருங்க" என்றாய். வாடகை டிரெய்லர் என்பது நாலு குடும்பம் குறட்டை விட்ட மெத்தை. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முப்பத்தொரு வருஷம் ஓட்டுநர் உரிமத்துக்குப் பரீட்சை வைத்து ஓய்வு பெற்றவன் நான். என் எதிரில் ஸ்டீயரிங்கைப் பிடித்து வியர்க்காத ஆளில்லை. மனிதர்களையே எடை போட்டவனுக்கு ஒரு டிரெய்லரை எடை போடுவதா கஷ்டம்? பழைய மதிப்பெண் தாள் ஒரு கட்டு வீட்டில் மிச்சமிருந்தது. 'விண்ணப்பதாரர் பெயர்' என்ற இடத்தில் டிரெய்லரின் பெயரை எழுதி, அட்டையில் செருகி, குடும்பத்தோடு ஊருக்கு வெளியே இருக்கும் டிரெய்லர் கடைக்குப் போனேன்.

முதல் விண்ணப்பதாரர் கித்தான் கூடாரம். மூடியைத் திறந்து மடித்துவிட்டால் பக்கவாட்டில் விரிந்து வீடு மாதிரி நிற்குமாம். "பத்தே நிமிஷம் சார்" என்றார் கடைக்காரர். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பி பதினாலு, கயிறு இருபது, முளை எத்தனை என்று அவருக்கே தெரியவில்லை. நாற்பத்தேழாவது நிமிஷத்தில் அது ஒருவழியாக நிமிர்ந்து நின்றது, உன் அக்கா ஆசையாக உள்ளே போனாள், ஜிப் சிக்கிக்கொண்டது. சரி, இது தேறாது, மடித்துவிடலாம் என்று நானும் கடைக்காரரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏங்க! நான் உள்ள இருக்கேங்க! என்னையும் சேத்து மடிச்சிடாதீங்க!" மழையில் நனைந்தால் அந்தக் கித்தானை வீட்டுக்கு வந்ததும் மறுபடி விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்று அதற்கப்புறம்தான் சொன்னார். தோல்வி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது ஆள் நல்ல வாட்டசாட்டம். கெட்டிச் சுவர், குளியலறை, குளிர்பெட்டி, உட்கார்ந்து பேச சோபா வேறு. உன் அக்கா அந்தச் சோபாவில் உட்கார்ந்த தோரணையைப் பார்த்துக் கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தையே எடுத்துவிட்டார். தற்காலிகமாக ஒரு கொக்கி பொருத்தி நம் காரில் மாட்டிப் பார்த்தோம். காரின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது, முன்பக்கம் மேலே எழும்பிவிட்டது. "அப்பா, நம்ம கார் மேகத்த பாக்குது" என்றாள் சின்னவள். காரால் இழுக்க முடிகிற எடை என்ன, டிரெய்லரில் தண்ணீரும் சாமானும் ஏற்றிய பிறகு எடை என்ன என்று கணக்குப் பார்க்காமல் சோபாவைப் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகமில்லை. இதுவும் தோல்வி. உன் அக்கா கடைசியாக ஒரு தடவை அந்தச் சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கி வந்தாள்.

மூன்றாவதுதான் நம் ஆள். மறுநாள் போய்ப் பார்த்தோம். பார்க்க ஒரு பெரிய பெட்டி, அவ்வளவுதான். கூரையை மட்டும் தூக்கிவிட்டால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், இரண்டே நிமிஷம். தரைக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே என் முழங்கை முழுதாகப் போகிறது. பக்கவாட்டில் இழுத்தால் அடுப்பு, தொட்டி எல்லாம் சேர்ந்த சமையலறை வெளியே வருகிறது. பிரேக் சொந்தமாக உண்டு. மேடு பள்ளத்தில் கார் ஒரு பக்கமும் டிரெய்லர் ஒரு பக்கமும் சாய்ந்தாலும் முறுக்கிக்கொள்ளாத, எல்லாத் திசையிலும் சுழலும் கொக்கி. நான் சட்டையைக் கழற்றாமலேயே அடியில் படுத்து டார்ச் அடித்து ஒவ்வொரு பற்றவைப்பையும் பார்த்தேன். உள்ளே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை விரித்து வைத்துவிட்டு, கடைக்குப் பின்னாலிருக்கும் மண்பாதையில் புழுதி பறக்க இரண்டு சுற்று இழுத்து வந்தேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது! பிறகு நாலு பேரும் படுத்துப் பார்த்தோம். கால் இடிக்கவில்லை, தலை இடிக்கவில்லை. "இவ்வளவு பக்கத்துலயா நீங்க குறட்டை விடப்போறீங்க?" என்று உன் அக்கா கேட்டாள். அது டிரெய்லரின் குறை ஆகாது. தேர்ச்சி என்று எழுதினேன்.

அத்தோடு பணத்தைக் கட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் ஓட்டுகிறவனையும் சோதிக்காமல் வண்டியை வெளியே விடுவது என் பழக்கத்தில் இல்லை. கடை முற்றத்தில் ஆறு கம்பங்களை நட்டு, நடுவே டிரெய்லரோடு பின்னால் வர வேண்டும் என்று எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகிறது. சரி என்று வலப்பக்கம் திருப்பினால் காரும் டிரெய்லரும் மூக்கோடு மூக்கு உரசப் பார்க்கின்றன. "சார், எதிர்ப்பக்கம் திருப்பணும் சார்! நிறுத்துங்க சார்!" என்று கடைக்காரர் ஓடி வந்தார். "எனக்கே ரிவர்ஸ் சொல்லித் தர்றீங்களா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் ஆறாவது கம்பமும் விழுந்துவிட்டது. ஆறுக்கு ஆறு. என் முப்பத்தொரு வருஷத்தில் நாலுக்கு மேல் சாய்த்தவர் கிடையாது.

டிரெய்லரில் ஒரு குறையும் இல்லை, எனக்கும் கொஞ்சம் பயிற்சி போதும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விதி விதிதான். தாளை எடுத்து என் பெயரை எழுதித் தோல்வி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். தோற்றவர் முப்பது நாள் கழித்துத்தான் மறுபரீட்சைக்கு வரலாம், அதுவரை ஓட்டக்கூடாது. எத்தனையோ பேர் என் மேஜை முன்னால் கெஞ்சியிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒரு நாள்கூடக் குறைத்ததில்லை. எனக்கு மட்டும் குறைத்துக்கொண்டால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இப்போது நீ செய்ய வேண்டியது. நான் தோற்ற அன்றைக்குப் பெரியவள் கிளம்ப இருபத்தொரு நாள் இருந்தது. இடைவெளி ஒன்பது நாள், காட்டில் இருக்க நாலு நாள். கொஞ்சம் கூட்டிப் பதினைந்து நாள் தள்ளிச் சேருகிறேன் என்று அவள் அந்தத் தொழிற்சாலைக்கு எழுதினால் போதும். நான் சொன்னால் காரணம் கேட்பாள். மாமன் சொன்னால் கேட்டுக்கொள்வாள். நயமாகச் சொல், நான் சொல்லச் சொன்னதாகச் சொல்லாதே. டிரெய்லர் இன்று காலைதான் வந்து சேர்ந்தது. காருக்கு நிரந்தரக் கொக்கியும் விளக்கு வயரும் பொருத்த அவர்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. கடைக்காரர் தன் வண்டியில் இழுத்து வந்து தெருவில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். முப்பதாம் நாள் நானே அதை வாசலுக்குள் ஏற்றுவேன். நீ வந்து பார்.

நீயும் உன் வீட்டிலுள்ளவர்களும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், அதில் பாதி நாளாவது என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். பெரியவளிடம் மூச்சு விடாதே. நான் உள்ளே தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது தெருவில் கார் சத்தம் கேட்டது. வெளியே வருவதற்குள் அவள் டிரெய்லரைக் காரில் மாட்டி, பின்னாலேயே வந்து, நம் வீட்டு வாசல் தூண்கள் இரண்டுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு, ஒரே மூச்சில் உள்ளே ஏற்றிவிட்டாள். ஒரு தூணையும் தொடவில்லை. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "ஒரு வாரமா சாயங்காலம் அந்தக் கடைக்குத்தாம்பா போறேன். கடைக்காரர் அவர் வண்டியையே குடுத்துப் பழக்கிவிட்டாரு. நீங்கதான் உங்கள நீங்களே பெயில் பண்ணிட்டீங்களே, அப்புறம் யாராவது ஓட்டணும்ல?" என்றாள்.

உன்னிடம் மறைப்பானேன். அந்தப் பதினைந்து நாள் விதிக்காக இல்லை. அவளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். பழக்கமில்லாத ஊரில் தனியாக என்ன செய்வாள் என்று நினைத்து நினைத்து மூன்று மாதமாக எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, பதற்றமில்லாமல், எதிர்ப்பக்கம் திருப்பிய அந்தக் கையைப் பார்த்தபிறகு பயம் கொஞ்சம் விட்டது. தேர்ச்சி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்புகிறோம். நீயும் வந்து சேர். முன் சீட் உன் அக்காவுக்கு. நீ பின் சீட்டில் எனக்கும் சின்னவளுக்கும் நடுவில் உட்கார வேண்டியிருக்கும். வழியில் யோசனை எதுவும் சொல்லாதே, நானும் சொல்லப்போவதில்லை.