சேர்மன் வேம்புக்கு ஸ்ட்ராபெர்ரி பால்

படிப்புக்கேற்ற வேலை கிடைக்காதவனால் நாட்டுக்குப் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. கிடைத்த வேலையில் படித்த படிப்பைக் காட்டியே தீருவேன் என்று நிற்கிறானே, அவன்தான் ஆபத்தானவன். நான் அந்த இரண்டாவது ரகம். ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் நிற்கும் வேப்பமரம் அதற்குச் சாட்சி.

கோவில்பட்டியில் எம்.எஸ்சி. தாவரவியல் முடித்தேன். ஆய்வேட்டின் தலைப்பு 'தாவர நோயெதிர்ப்பில் அமினோ அமிலங்களின் பங்கு'. அந்தத் தலைப்போடு ஊர் ஊராக அலைந்து கடைசியில் கிடைத்தது, ஒரகடத்தில் காருக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி டிரெய்னி வேலை. வளையத்தை ஒரு கம்பியில் மாட்டிப் பார்க்க வேண்டும். மாட்டினால் நல்லது, மாட்டாவிட்டால் சிவப்புத் தொட்டி. (இதற்கு எதற்கு எம்.எஸ்சி. என்று நீங்கள் கேட்கலாம். என் அப்பாவும் கேட்டார்.) ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் கன்ஃபர்மேஷன், அதாவது நிரந்தரம். பத்து மாதம் வரை ஒழுங்காகத்தான் இருந்தேன்.

அந்தக் கம்பெனி கேட்டுக்கு உள்ளே ஒரு வேப்பமரம். ஆலை திறந்த அன்று, வெளிநாட்டிலிருந்து வந்த சேர்மன் தன் கையால் நட்டது. கீழே கிரானைட் பலகையில் அவர் பெயர் இருக்கும். அதற்குப் பிறகு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்பது பலகையில் இருக்காது. ஊற்றியவர் கன்னியம்மா அக்கா. வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர், காண்ட்ராக்டில் தோட்ட வேலை.

மார்கழியில் மரத்தின் நுனிக் கிளைகள் தீய்ந்தாற்போல் கருகின. தை பிறந்தபோது பாதி மரம் பழுப்பு. அந்த நேரம் பார்த்து, சேர்மன் வருகிறார், தன் மரத்தோடு போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறார் என்று தகவல் வந்தது. அட்மின் மேனேஜர் காலைக் கூட்டத்தில் அக்காவை நிற்க வைத்து, பத்து நாளில் மரம் பச்சையாகாவிட்டால் காண்ட்ராக்டரிடம் வேறு ஆள் கேட்டுவிடுவேன் என்றார்.

"ரோட்டு மேல போய்ப் பாரு சார், எல்லா வேம்பும் இப்பிடித்தான் கீது. பனி போனா தானா துளுக்கும்" என்றார் அக்கா.

பனி போகும்வரை சேர்மன் விமானத்திலேயே உட்கார்ந்திருப்பாரா என்று மேனேஜர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

தூக்கியதோடு விடவில்லை, இருபது நிமிடம் பேசினேன். நோய் தாக்கியதும் செடிக்குள் அமினோ அமிலங்களின் வேலையே மாறிவிடுகிறது. வளர்ச்சிக்கு வைத்திருந்த சரக்கு எதிர்ப்புக்குத் திரும்புகிறது. ஃபினைல்அலனினிலிருந்து சாலிசிலிக் அமிலம் உண்டாகிறது. லைசினிலிருந்து உண்டாகும் ஒரு பொருள், ஒரு இலைக்கு வந்த ஆபத்தை மற்ற இலைகளுக்குச் சொல்லி உஷார்படுத்துகிறது. அத்தனையும் உண்மை. பத்து மாதமாக வளையம் மாட்டிய வாயிலிருந்து லைசின் என்ற சொல் வந்ததில் எனக்கே கண் கலங்கிவிட்டது. மேனேஜருக்குப் புரிந்தது ஒன்றுதான்.

"ரா மெட்டீரியல் ஷார்ட்டேஜ். அதானேப்பா?"

"ஆமா சார்" என்றேன். செடி என்பது பிரஸ் மெஷின் இல்லை, இந்தப் பக்கம் அதிகம் போட்டால் அந்தப் பக்கம் அதிகம் வராது என்று சொல்ல வேண்டியவன் நான்தான். ஆனால் மேனேஜர் தலையாட்டிய விதத்தில் என் கன்ஃபர்மேஷன் கடிதம் கண்ணில் தெரிந்தது. அக்கா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

சரி, அமினோ அமிலத்துக்கு எங்கே போவது? வாலாஜாபாத் உரக்கடையில் சொல்லிவைத்தால் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அவ்வளவு நாள் இல்லை. அப்போதுதான் ரூம் அலமாரியின் மேல் என் கண் போனது. என் ரூம்மேட் இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கம், அதே கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். ஷிஃப்ட் முடிந்தால் ஜிம், ஜிம் முடிந்தால் கண்ணாடி. குடம் அளவுக்கு ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா வைத்திருந்தான். அவன் இல்லாத நேரத்தில் அதன் பின்பக்க லேபிளைப் படித்தேன். லைசின், ஃபினைல்அலனின், குளுட்டமிக் அமிலம். கூடப் படித்தவர்களை பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி இருந்தது. முன்பக்கத்தில் 'ஸ்ட்ராபெர்ரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் பவுடரைக் கரைத்து ஸ்ப்ரேயரில் ஊற்றி இலையெல்லாம் அடித்தேன். மிச்சத்தை வேரில் ஊற்றினேன். கசப்புக்குப் பேர்போன மரம் ரோஸ் கலரில் நின்றது.

"இன்னா மருந்து சார் இது? கொயந்தைங்க குடிக்கிற பால் வாசன வருது" என்றார் கன்னியம்மா அக்கா.

"புரோட்டீன் அக்கா."

"மரம் இன்னா, ஜிம்முக்குப் போவுதா?"

நான் சிரித்தேன். படித்தவன் படிக்காதவரைப் பார்த்துச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. (கண்ணாடியில் பார்த்திருந்தால் நானே என்னை அறைந்திருப்பேன்.) நாலாம் நாள் அக்கா ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு தரம் கழுவி விடட்டுமா என்று கேட்டார். தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைச் சொல்லியாக வேண்டும். கிருமிக்கும் அமினோ அமிலம்தான் சாப்பாடு. அதனால் தாக்குதல் வந்ததும் செடி அதை வெளியே சிந்தவிடாமல் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப் பார்க்கும். வந்தவனைப் பட்டினி போடுவதும் ஓர் எதிர்ப்புதான். மரம் இப்படிச் சமையலறையைப் பூட்டிவிட்டு உள்ளே போராடிக்கொண்டிருந்தபோது, நான் வாசலில் பந்தி போட்டுக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு, பால் புரதத்தை இலை அப்படியே உறிஞ்சவும் செய்யாது. மேலேயே கிடந்து புளிக்கும். இதையெல்லாம் எழுதியவன் சாட்சாத் நானேதான். (சமர்ப்பிப்பதற்கு முதல் நாள் எழுதினேன். எழுதினேன் என்பதைவிட டைப் அடித்தேன் என்பதே நியாயம்.)

சேர்மன் வரும் நாளன்று இலைகளின்மேல் காய்ந்த தயிர் மாதிரி ஒரு படலம், அதற்குமேல் கறுப்புப் பூசணம். கேன்டீன் சுவரிலிருந்து மரத்தின் உச்சி வரை எறும்பு வரிசை. எங்கள் கம்பெனியில் எந்த லைனும் அவ்வளவு ஒழுங்காக ஓடி நான் பார்த்ததில்லை. இலையில் என்னப்பா இது என்று மேனேஜர் கேட்டார். என் மருந்து வேருக்குப் போனது சார், இலையில் இருப்பது அழுக்கு என்று சொன்னேன். அவர் ஓடிப்போய் மல்லிகை மண ரூம் ஃப்ரெஷ்னர் எடுத்து வந்து மரத்தைச் சுற்றி அடித்தார். மல்லிகையும் புளித்த பாலும் சேர்ந்து, கல்யாண மண்டபத்தின் மறுநாள் வாசனை வந்தது.

சேர்மன் நல்ல மனிதர். முகம் சுளிக்கவில்லை. தன் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மரத்தின் தோளில் கைபோட்டாற்போல் நின்றார். போட்டோகிராபர் "ஒன் மோர் சார்" என்று நாலு தரம் சொன்னார். நாலாவது போட்டோ எடுப்பதற்குள் எறும்புகள் கோட்டுக்குள் குடியேறிவிட்டன. கத்துவது அவர் நாட்டில் மரியாதை இல்லை போலிருக்கிறது. சத்தமே இல்லாமல் கோட்டைக் கழற்றினார், டையைக் கழற்றினார், பிறகு சட்டையையும். அந்த ஐந்தாவது போட்டோ இன்றும் பலருடைய போனில் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் எது தப்பாகப் போனாலும் 'ஐந்து ஏன்' போடுவார்கள். ஏன் நடந்தது, அது ஏன், அதுவும் ஏன் என்று ஐந்து முறை தோண்டினால் வேர் தெரிந்துவிடுமாம். மத்தியானம் கேன்டீன் போர்டில் மேனேஜரே எழுதினார். சேர்மனை எறும்பு கடித்தது ஏன்? மரத்தில் எறும்பு. மரத்தில் எறும்பு ஏன்? இலையில் அழுக்கு. இலையில் அழுக்கு ஏன்? தோட்டக்காரர் கழுவவில்லை. மூன்றாவது ஏனிலேயே வேர் கிடைத்துவிட்ட நிம்மதியில் பேனாவை மூடிவிட்டு, காண்ட்ராக்டருக்குப் போன் போடச் சொன்னார்.

அக்கா ஏதோ சொல்ல வந்தார். மேனேஜர் கையமர்த்தினார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் பேசத் தெரிந்த வாயில் அன்று சோறு மட்டும்தான் இருந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

அந்த நேரத்தில் மரத்தைக் கடந்து, சாப்பாட்டுத் தட்டோடு வந்து சேர்ந்தான் இசக்கி. கூட்டம் எதற்கென்று அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கு மூக்கு மட்டும் நன்றாக வேலை செய்யும்.

"ஏல, அந்த மரத்துல என் டப்பா வாசம்லா அடிக்கி? ஒரு வாரமா பவுடர் குறையுதேன்னு பாத்தேன். நீதானல எடுத்த?"

கேன்டீன் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. மேனேஜர் பேனாவை மறுபடி திறந்தார். அதற்குப் பிறகுதான் நான் எழுந்து, "அக்கா மேல தப்பில்ல சார். கழுவக் கூடாதுன்னு சொன்னது நான்தான்" என்றேன். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கூடச் சொன்னேன் என்று ஞாபகம்.

"அவரு வந்து டப்பாவச் சொன்னதுக்கு அப்பால சொல்றியே, தம்பி" என்றார் கன்னியம்மா அக்கா. அதுவரை அவருக்கு நான் சார்.

அக்காவின் வேலை தப்பியது, என் கன்ஃபர்மேஷன் போனது. மிச்சமிருந்த நாட்களில் வளையம் மாட்டிய நேரம் போக மரத்தைக் கழுவினேன். ஏணியில் நான், கீழே ஹோஸைப் பிடித்துக்கொண்டு அக்கா. எங்கே இன்னும் ரோஸ் இருக்கிறது என்று கைகாட்டுவார், வேறு எதுவும் பேச மாட்டார். பனி போனது. மாசிக் கடைசியில் வேம்பு தானாகத் துளிர்த்தது. எந்தச் சரக்கை எங்கே அனுப்ப வேண்டும் என்று மரத்துக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

இப்போது வாலாஜாபாத்தில் ஒரு பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். என் மூன்றாம் அத்தியாயத்தில் இருந்ததைத் தனிக் கவனத்தோடு எடுக்கிறேன். இசக்கி என் கல்யாணத்துக்கு ஒரு புது ஸ்ட்ராபெர்ரி டப்பாவைப் பரிசுக் காகிதம் சுற்றிக் கொண்டுவந்தான். மேடையிலேயே கதையையும் சொல்லிவிட்டான். என் மனைவி எறும்புக்குச் சிரித்தாள், சட்டைக்குச் சிரித்தாள். ரசத்தை நான் பார்த்த இடத்தில் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேஸ் அணைக்காமல் கிடந்தாலும், சாவி தொலைந்தாலும், நான் கமுக்கமாக உட்கார்ந்திருந்தால் ஒரே கேள்விதான்: "டப்பா யாருது?"

போன வாரம் என் மூன்று வயது மகள் என் மூக்குக்கண்ணாடியின் காலை ஒடித்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு துண்டையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு நேராக வந்து நின்றாள்.

"டப்பா என்னுது" என்றாள்.

"நல்லவேளை, என்னைக் கொண்டு பொறந்திருக்கா" என்றாள் என் மனைவி.