எண்பதாம் நம்பர் உப்புத்தாள்

மனிதர்களில் ஆயிரம் சிசிக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் அவரைப் பார்த்திருக்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள். அவர் வண்டியைக் கிளப்பினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். கிளப்புவதோடு சரி. பந்தயத் திடலில் விடவேண்டிய ஒரு பைக்கை, அதற்கு முன் எந்தப் பைக்கையும் தொட்டறியாமல், தன் முதல் வண்டியாக வாங்கி வீட்டில் நிறுத்தியிருப்பவர் எவரோ, அவரே இந்த இனத்தவர். நீச்சல் பழகுவதற்கு நடுக்கடலில் இடம் பார்ப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ரொட்டி வாங்க அடுத்த தெருவுக்குப் போவதென்றாலும் கழுத்திலிருந்து கணுக்கால் வரை தோலுடை போட்டு, முழங்காலில் பிளாஸ்டிக் வில்லை ஒட்டி, முதுகில் ஆமை ஓடு மாதிரி ஒரு மேட்டைச் சுமந்து, குனியவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் விறைப்பாக நடந்து போவார். ஆமாம், நடந்துதான். வண்டியைப் பற்றிக் கேட்டால் குதிரைசக்தி எத்தனை, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி, பிரேக்கை எந்த ஆலையில் எந்த உலோகத்தில் வார்த்தார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்வார். அந்தப் பிரேக்கை எப்போது பிடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நாம் பார்க்கப்போகிறவர் எலும்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். வயது முப்பத்தெட்டு. பன்னிரண்டு வருஷமாக உடைந்த தோள்பட்டையும் நொறுங்கிய விலாவும் கழன்ற முழங்காலும் அவர் கையால்தான் படமாகின்றன. அதில் பாதி, பெரிய வண்டி வாங்கி ஒரு மாதம் முடியாதவர்களுடையது. வேறொருவராக இருந்தால் சைக்கிளைக் கண்டால்கூட ஒதுங்கி நடப்பார். இவரோ தொடையெலும்பு இரண்டாகி ஸ்ட்ரெச்சரில் முனகுகிறவரிடம் குனிந்து, "எத்தனை சிசி?" என்று விசாரிப்பார். பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வளைவில் இடுப்பை இன்னும் கொஞ்சம் வெளியே இறக்கியிருந்தால் இது நடந்திருக்காது என்று தீர்ப்புச் சொல்வார். இவ்வளவுக்கும் அவர் அதுவரை ஓட்டிய ஒரே வண்டி மனைவியின் ஸ்கூட்டர். பதினோரு நாள்.

மனைவி செடி வளர்த்து விற்கிறவர். ஒன்பது வருஷமாக அதே ஸ்கூட்டரில் காலடியில் எரு மூட்டை, பின்சீட்டில் ஆளுயரக் கன்றுகள் இரண்டு என்று கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி வருகிறார். இதுவரை ஒரு தொட்டிகூட உடைந்ததில்லை. ஆனால் அவரை வண்டி ஓட்டத் தெரிந்தவர் என்று நம்மவர் கணக்கில் சேர்ப்பதில்லை. கியர் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா?

பைக் வந்த வாரமே நம்மவர் ஒரு குழுவில் சேர்ந்துவிட்டார். அவரோடு சேர்த்து எட்டுப் பேர். ஞாயிறு காலையில் ஒரு காபிக் கடை வாசலில் கூடுவார்கள். வண்டி சர்வீசில் இருக்கிறது என்று சொல்லி, முதல் இரண்டு வாரமும் மனைவியின் ஸ்கூட்டரில் போய் வந்தார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் குந்தி உட்கார்ந்து அவர் வண்டியின் பின் டயரைப் பார்ப்பார்கள். வளைவில் வண்டியைத் தரையோடு தரையாகச் சாய்க்கிற வீரனுக்கு டயரின் ஓரம்வரை தேய்ந்திருக்குமாம். பயந்தாங்கொள்ளிக்கு நடு மட்டும் தேய்ந்து, இரண்டு ஓரத்திலும் புது ரப்பர் பளபளக்குமாம். அந்தப் புது ரப்பரை விரல் வைத்து அளப்பார்கள். இரண்டு விரல் அகலம் என்றால் கேலி. நான்கு விரல் என்றால் பேச்சுவார்த்தையே கிடையாது. நம்மவர் டயரில் ஓரம் என்ன, நட்டநடுவிலேயே கம்பெனி ஒட்டிய சீட்டு உரியாமல் இருந்தது.

அடுத்த ஞாயிறு மலைப்பாதைக்குப் போகிறோம் என்று குழுத்தலைவர் அறிவித்தார். நாற்பது வளைவுகள். போனால் உயிர் போகும். போகாவிட்டால் மானம் போகும். இந்த நிலையில் ஒரு மனிதர் என்ன செய்வார்? ஆறு நாள் இருக்கிறதே, ஓட்டிப் பழகுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

ஹார்டுவேர் கடைக்குப் போய் எண்பதாம் நம்பர் உப்புத்தாள் வாங்கினார். எதற்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு, கதவுக்கு என்றார். மூன்று மாலை, கொட்டகையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, மண்டியிட்டு உட்கார்ந்து, டயரின் இரண்டு ஓரத்தையும் தேய் தேய் என்று தேய்த்தார். முழங்கால் வில்லையை மாடிப்படியில் உரசி, வளைவில் சாய்ந்து சாலையில் உரசியது போலக் கீறல் உண்டாக்கினார். கடைசியில் ஓரமெல்லாம் தேய்ந்து, நடு மட்டும் புத்தம் புதிதாக, சீட்டுகூட உரியாத ஒரு டயர் தயாராயிற்று. பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட நிமிர்ந்து ஓடாத வண்டிக்குத்தான் டயர் அப்படித் தேயும் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அதே கொட்டகையில் இருந்த கன்றுகளின் இலையில் கறுப்பாக என்னவோ படிகிறதே என்று மனைவி மூன்று நாளும் பூச்சிமருந்து அடித்தார். நான்காம் நாள் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். ரப்பர் வாடை. வண்டியைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், கணவரின் கைவிரல் நகங்களைப் பார்த்தார். இந்த மனிதர் நிஜமாகவே போகப்போகிறார் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சண்டை போட்டால் வீம்புக்காகவாவது போவார் என்பதும் தெரியும். சனிக்கிழமை காலையில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"முனை பேக்கரி வரைக்கும் போய்த் திரும்பி வாங்க. அது போதும். நாளைக்கு நீங்க எந்த மலைக்குப் போனாலும் நான் வாயே திறக்கமாட்டேன்."

இவ்வளவுதானா என்று நம்மவர் தோலுடையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பேக்கரிவரை ஒரு குறையும் இல்லை. முதல் கியரிலேயே, மாவு மில் மாதிரி அலறிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். சிக்கல் திரும்புவதில்தான். இந்த வகை வண்டிகளில் கைப்பிடி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்தான் திரும்பும். சீட்டோ உயரம், கால் நுனிதான் தரையில் படும். நடைவேகத்தில் வட்டமடிக்க நல்ல பழக்கம் வேண்டும். முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவது எப்படி என்று அவர் நூறு வீடியோ பார்த்திருந்தார். ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் திரும்புவது எப்படி என்ற வீடியோவைத் தேடக்கூடத் தோன்றியதில்லை. பேக்கரி வாசலில் வேறு நான்கு பேர் நின்று பார்த்தார்கள். சரி, அடுத்த அகலமான இடத்தில் திரும்பிக்கொள்ளலாம் என்று நேரே போனார். அங்கே ஒரு வேன் நின்றது. அதற்கடுத்த இடத்தில் ஒரு பள்ளம். பெட்ரோல் பங்க், விளையாட்டு மைதானம், தண்ணீர்த் தொட்டி, ஊரின் எல்லைப் பலகை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வந்து பின்னால் போயின.

நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு லாரி. வேகத்தைக் குறைக்கத்தான் நினைத்தார். சக்கரம் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதில் வலது கை கொஞ்சம் முறுக்கிவிட்டது. கொஞ்சம்தான், ஸ்கூட்டராக இருந்தால் ஒரு செருமலோடு விட்டிருக்கும். இது பாய்ந்தது. பாய்ந்ததில் உடம்பு பின்னுக்குப் போயிற்று. உடம்பு பின்னுக்குப் போக, பிடியை விடாத கை இன்னும் முறுக்கியது. முறுக்க முறுக்க வண்டி இன்னும் பாய்ந்தது. லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்குச் சந்து. அதற்குள் புகுந்து வெளியே வந்தபோது ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. அந்த ஒரு நொடியில் அவர் பார்த்தது லாரியை அல்ல. ஆஸ்பத்திரி வெளிச்சப் பெட்டியில் மாட்டியிருக்கும் ஓர் எக்ஸ்ரே படத்தை. தோள்பட்டை மூன்று துண்டு, விலா நான்கு, ஓரத்தில் அவருடைய பெயர். எத்தனை சிசி என்று யாரோ குனிந்து விசாரிப்பதுகூடக் காதில் விழுந்தது. ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு அழுதார்.

நாற்பது கிலோமீட்டர் தாண்டி, சாலை ஒரு படகுத்துறையில் முடிந்தது. அதனால்தான் நின்றார். நின்றதும் கால் எட்டாமல், வண்டி அவரையும் சேர்த்துக்கொண்டு மெதுவாக, மரியாதையாகப் படுத்துவிட்டது. படகுக்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டு, அக்கரைக்கா என்று கேட்டார். "அந்தப் பக்கம் திரும்புறதுக்கு இடம் இருக்குங்களா?" என்று நம்மவர் கேட்டதை அவர் இன்றைக்கும் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன் போயிற்று. ஒன்றரை மணி நேரத்தில் ஸ்கூட்டர் வந்தது, காலடியில் இறக்க மறந்த எரு மூட்டையோடு. மனைவி திட்டவில்லை. ஒடிந்த கண்ணாடிக் காம்பைப் பார்த்தார். கணவரின் கையைப் பிடித்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது" என்றார் நம்மவர்.

"அது எனக்குத் தெரியும். பின்னாடி உக்காருங்க."

பைக் ஒரு சின்ன லாரியில் கயிறு கட்டி வந்தது. வழிநெடுக ஒவ்வொரு வளைவிலும் அது ஓரம்வரை அழகாகச் சாய்ந்தது.

அன்று மாலை நம்மவர் குழுவுக்கு எழுதினார்: முழங்கால் பிசகிவிட்டது, நாளைக்கு வர முடியாது. உண்மையை எழுத இன்னும் மனம் வரவில்லை. கேலி கிளம்பும் என்று காத்திருந்தார். பத்தே நிமிஷத்தில் ஒருவர் பேட்டரி போய்விட்டது என்றார். ஒருவருக்கு வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார்கள். ஒருவருக்கு வயிறு சரியில்லை. ஓர் ஆள் குறைந்தாலும் அது பயணமே அல்ல என்று சொல்லி, தலைவர் மலையைத் தள்ளிவைத்தார். அந்த மலைப்பாதைப் பயணம் நான்கு வருஷமாக அப்படித்தான் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது என்பது பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை, மீந்த உப்புத்தாளைத் திருப்பிக் கொடுக்க மனைவி கடைக்குப் போனார். கடைக்காரர் வாங்கிப் பார்த்தார்.

"எண்பதாம் நம்பரா? கதவு வேலை முடிஞ்சுதாம்மா? இந்த மாசம் இதோட எட்டுக் கதவு. எல்லாரும் தோல் சட்டை போட்டுக்கிட்டு வந்துதான் வாங்கறாங்க."

மனைவி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் நம்மவர் அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். இப்போது பழைய நூறு சிசி வண்டி ஒன்றில், மனைவி வரிசையாக வைக்கிற தொட்டிகளுக்கு நடுவே, காலையில் வளைந்து வளைந்து ஓட்டிப் பழகுகிறார். இதுவரை ஆறு தொட்டி உடைந்திருக்கிறது. எலும்பு ஒன்றுமில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் பைக்கே இல்லை, உங்களுக்கென்ன. ஆனால் படிக்காத தடிப் புத்தகத்தின் முதுகை மடக்கி மடக்கிச் சுருக்கம் உண்டாக்கி, விருந்தாளி கண்ணில் படுகிற அலமாரியில் வைத்தது யார்? ஓட்டப் பயிற்சிக்கென்று வாங்கிய காலணியில் குழாயடிச் சேற்றைப் பூசிக்கொண்டது யார்? பரவாயில்லை, வெளியே சொல்லவேண்டாம். கடையில் உப்புத்தாள் நிறைய இருக்கிறது. எதற்கு என்று கேட்டால் கதவுக்கு என்று சொல்லிவிடுங்கள். கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார், ஒன்பது என்று மட்டும் மனதுக்குள் குறித்துக்கொள்வார்.