கிளீனர் கந்தப்பனின் காலாவதி

சீட்டின்மேல் தேத்தண்ணியை ஊற்றினால் தேதி அழிந்துவிடும் என்று யோசனை சொன்னவள் வேலாயி. யோசிக்காமல் ஊற்றியவன் அவள் புருஷன் கந்தப்பன்.

தேயிலைத் தோட்டத்துத் தேத்தண்ணி லேசுப்பட்டதல்ல. கொஞ்ச நேரம் ஊறவைத்து, சீட்டை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். கந்தப்பனின் பெயர் கரைந்திருந்தது. தோட்டத்தின் பெயர் கரைந்திருந்தது. தேறியதற்கு அடையாளமாகப் பரீட்சகர் பேனாவால் 'சித்தி' என்று எழுதியதும் பாசி பிடித்தமாதிரி மங்கிப்போயிருந்தது. தேதியை மட்டும் ரப்பர் முத்திரையால் குத்தியிருந்தார்கள். அது முன்னைவிடப் பளிச்சென்று, குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி நின்றது.

"இப்ப இது யாரோட சீட்டுன்னே தெரியல்லியே" என்றாள் வேலாயி.

"ஆனா எப்ப முடிஞ்சுபோச்சுங்கிறது மட்டும் நல்லாத் தெரியுது" என்றான் கந்தப்பன்.

நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து லொறிக்குக் கிளீனர் அவன். மேட்டில் லொறி நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பது அவன் உத்தியோகம். சாரதி லைசன்ஸுக்கு இரண்டு சோதனை உண்டு. முதலில் ரோட்டுச் சட்டம் தெரியுமா என்று கேள்வி கேட்பார்கள். அதில் தேறினால் ஒரு சீட்டு. அந்தச் சீட்டோடு ஒரு வருஷத்துக்குள் போய் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். கேள்விச் சோதனையில் கந்தப்பன் முதல் தடவையே தேறிவிட்டான். ஓட்டிக் காட்டத்தான் பயம். தைரியம் வந்ததும் போகலாம் என்று காத்திருந்தான். தைரியம் வரவில்லை; காலாவதி வந்துவிட்டது.

"படிச்சதெல்லாம் மண்டையிலதானே இருக்கு? சீட்டு எப்பிடிங்க முடிஞ்சு போகும்?" என்றாள் வேலாயி.

"அதுதான் புள்ள சட்டம். ஒரு வருசத்துக்கு மேல படிச்சது செல்லாது."

"அப்ப ஒங்க மண்டையும் செல்லாதுன்னு சொல்லுங்க."

பல நாட்களாகக் கந்தப்பனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

மறுபடி கேள்விச் சோதனை எழுதலாம்தான். ஆனால் அதற்குள் திங்கட்கிழமை தாண்டிவிடும். தோட்டத்து ஜீப்பை ஓட்டிய இராமையா, குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். "திங்கட்கிழமைக்குள்ள லைசன்ஸ் கொண்டாந்தா ஜீப் ஒனக்கு. இல்லாட்டி வெளியாள் எடுப்பேன்" என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லியிருந்தார். ஜீப்போடு சேர்த்து இராமையாவின் வீடும் வரும். தனி வீடு. தனிப் பைப்பு.

வேலாயிக்குப் பைப்பு கூடப் பெரிதில்லை. வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவின் நடுவே ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் கொழுந்தன் குடும்பமும் இந்தப் பக்கம் இவர்களுமாக அவள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இவள் முனகினால் அந்தப் பக்கமிருந்து பதில் வரும்.

"எனக்கு ஒரு கதவு வேணுங்க. உள்ளேருந்து நானே கொண்டி போடுற கதவு" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கதவுக்காகத்தான் மறுநாள் காலை முதல் பஸ்ஸில், ஓட்டிக் காட்டும் சோதனை நடக்கிற பதுளைக்குக் கந்தப்பன் புறப்பட்டான்.

பதுளைக் கடைத்தெருவில், அவன் அண்ணன்போல 'நானா' என்று கூப்பிடும் தையற்காரர் ஹாஷிம், அவனுடைய கல்யாணச் சட்டையைத் தைத்தவர். கந்தப்பன் தேத்தண்ணிச் சீட்டைக் காட்டி எல்லாவற்றையும் ஒப்புவித்தான்.

"மனசு அடிச்சுக்குது நானா."

"செய்யப்போற தப்புக்கு இப்பவே எதுக்கு அடிச்சுக்கிறீங்க? செஞ்சு முடிச்சிட்டு அடிச்சுக்கங்க" என்ற ஹாஷிம், சீட்டை இரண்டு விரலால் தூக்கி மோந்து பார்த்தார். "நல்ல சாயம். ஆனா தம்பி, சீட்டு யார்கிட்ட கேப்பாங்க? சீட்டு இல்லாதவன் மாதிரி முழிக்கிறவன்கிட்ட. கோட்டுப் போட்டவன்கிட்ட எவனாச்சும் கேப்பானா?"

"நம்மகிட்ட ஏது நானா கோட்டு?"

ஹாஷிம் கொக்கியிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டை எடுத்தார். "ஒரு மாப்பிள்ளைக்குத் தைக்கிறது. வலது கை இன்னும் மெஷின்ல ஓடல்ல. சும்மா நூல் ஓட்டி வச்சிருக்கேன். கையை மட்டும் ரொம்ப நீட்டாதீங்க."

கார் ஓட்டிக் காட்டப் போகிறவன் திரும்புகிற இடமெல்லாம் கையை நீட்டாமல் எப்படி என்று கேட்க அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளை நல்ல பருமன் போலும். கோட்டுக்குள் இன்னொரு கந்தப்பனுக்கும் இடமிருந்தது. ஆனாலும் கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்து அவனுக்கே கும்பிடு போடத் தோன்றியது.

சோதனை நடக்கிற மைதானத்தின் ஓரத்தில், சோதனைக்கு வருகிறவர்களுக்குக் கார் வாடகைக்கு விடும் மொஹிதீன் தன் பழைய ஆஸ்டின் காரோடு காத்திருந்தார்.

"இந்தாங்க சாவி. மேட்டுல பிரேக் நிக்காது, பாத்துக்கங்க. நான் பேக்கரிப் பாண் கியூவுக்குப் போறேன். இப்ப போனாத்தான் அரை ராத்தலாவது கெடைக்கும்."

அவர் போய்விட்டார். மாமரத்தடியில் நின்ற நாலைந்து பேர் கந்தப்பனின் கோட்டைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டு வழிவிட்டார்கள். 'வேலை செய்கிறதே!' என்று அவன் மனதுக்குள் ஹாஷிமுக்கு ஒரு சலாம் வைத்தான்.

அப்போதுதான் காருக்குப் பக்கத்தில் அவரைக் கண்டான்.

காக்கி அரைக் காற்சட்டை. முழங்கால்வரை வெள்ளைக் காலுறை. தலையில் தொப்பி. தோட்டத்தில் பிறந்தவனுக்கு இந்த மூன்றையும் ஒரே உடம்பில் கண்டால் வாய் கட்டிவிடும். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வரிசையில் நின்று, தொப்பியைக் கண்டதும் தலைத்துண்டை இறக்கிப் பழகிய பரம்பரை. தொப்பிக்காரரைப் பார்த்து 'நீங்கள் யார்' என்று கேட்டவன் அவன் பாட்டன் காலத்திலும் இல்லை, அப்பன் காலத்திலும் இல்லை. கந்தப்பனும் கேட்கவில்லை. பரீட்சகரேதான் என்று முடிவு செய்து, ஓடிப்போய் இடப்பக்கக் கதவைத் திறந்தான்.

"ஏறுங்க தொரை."

அவர் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார்.

'பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்கிறார். நானல்லவா பார்த்திருக்க வேண்டும்! ஏறுவதற்குள்ளேயே ஒரு மார்க் போச்சு' என்று கந்தப்பன் நொந்துகொண்டான்.

ஆஸ்டின் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது. தொப்பிக்காரர் வலது கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. பைக்குள் சிவப்புப் பென்சில் இருக்கும், ஒவ்வொரு பிழைக்கும் ஒவ்வொரு கோடு கிழிப்பார் என்று கந்தப்பன் பயந்தான். கொஞ்ச தூரம் போனதும் பயம் தாங்காமல், தானே சொல்லிவிடுவது மேல் என்று வாயைத் திறந்தான்.

"தொரை, அந்தச் சீட்டு விசயம்..."

தொப்பிக்காரரின் முகம் வெளுத்தது. "சீட்டா? சீட்டு இப்ப வேணாமே. அதப் பொறகு பாப்பம்!"

கந்தப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனிதரையா ஏமாற்றப் பார்த்தோம்! கோட்டு இவ்வளவு செய்யுமென்றால், பிறந்ததிலிருந்தே போட்டுக்கொண்டிருக்கலாம்.

கடைத்தெருவில் வலப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. சட்டப்படி கையை நன்றாக வெளியே நீட்டினான். தோள்பட்டையில் நூல் 'படபட'வென்று தெறித்தது. கோட்டுக் கை கழன்று முழங்கைவரை இறங்கிவிட்டது. கையை உள்ளே இழுத்தால் கோட்டுக் கை ரோட்டில் விழும். அதனால் திரும்பி முடித்த பிறகும் கையை நீட்டியபடியே போனான். ஓரத்தில் ஆரஞ்சுபோல இனிக்கும் பிபிலைத் தோடம்பழம் விற்றுக்கொண்டிருந்தவள், கோட்டுப் போட்ட ஐயா ஒருவர் காருக்குள்ளிருந்து கை நீட்டுவதைப் பார்த்தாள். ருசி பார்க்கத்தான் கேட்கிறார் என்று ஒரு பழத்தை அந்தக் கையில் வைத்தாள்.

"இனிப்பு இல்லாட்டித் திருப்பிக் குடுங்க ஐயா!"

இப்போது ஒரு கையில் பழம், ஒரு கையில் ஸ்டியரிங், எதிரே ஒரு மாட்டுவண்டி. கியர் போட மூன்றாவது கை வேண்டும். வேறு வழியில்லாமல் பழத்தைத் தொப்பிக்காரரின் மடியில் போட்டான்.

"எனக்கா?" என்றார் அவர்.

"ஆமாங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஓடுகிற வண்டியில் பரீட்சகருக்கு லஞ்சம்! காலாவதிச் சீட்டுக்கு வீட்டுக்கு அனுப்புவார்கள். லஞ்சத்துக்குப் பொலிசுக்கு அல்லவா அனுப்புவார்கள்? ஆனால் தொப்பிக்காரர் பையிலிருந்த கையையும் எடுத்து, பழத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கோயில் பிரசாதத்தை வாங்கியவர்போல மரியாதையாக வைத்துக்கொண்டார்.

அடுத்தது ஆஸ்பத்திரி மேடு. பாதி ஏறியதும் ஆஸ்டின் இருமியது. மூச்சை விட்டது. பிறகு மெல்ல, அவசரமே இல்லாமல், பின்னால் போகத் தொடங்கியது. பிரேக்கை இழுத்தான், அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் போனது. இத்தனை வருஷம் லொறியில் கேட்ட கத்தல் அவன் வாயிலிருந்து தானாகக் கிளம்பியது.

"அடேய், கல்லப் போடுடா! குதிடா, கல்லப் போடு!"

தொப்பிக்காரர் குதித்தார். தொப்பி ஒருபக்கம் சரிய, வெள்ளைக் காலுறையோடு சாக்கடை ஓரத்துக்கு ஓடி, ஒரு பெரிய கல்லைப் புரட்டிவந்து பின்சக்கரத்தில் வைத்தார். கார் நின்றது.

கந்தப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒரு தொரையைப் பார்த்து 'அடேய்'! லயத்தில் தெரிந்தால் அவனுக்குச் சிலை வைப்பார்கள், அல்லது தோட்டத்தைவிட்டுத் துரத்துவார்கள். கதவு, கொண்டி, தனிப் பைப்பு எல்லாம் அந்த மேட்டிலிருந்து கீழ்நோக்கி உருண்டு போவதுபோல் இருந்தது.

தொப்பிக்காரர் மூச்சு வாங்க வந்து குனிந்து கேட்டார்: "கல்லு வச்சது சரிதானே?"

"ரொம்ப... ரொம்பச் சரிங்க தொரை."

"அப்ப சரி" என்று நிம்மதியாக ஏறி உட்கார்ந்தார்.

கல் வைப்பது சரியா தப்பா என்று சொல்ல நாட்டிலேயே தகுதியான ஆள் கந்தப்பன்தான். அதையும் அறிந்து கேட்கிறாரே, என்ன பெருந்தன்மை என்று அவன் உருகினான்.

அதன்பிறகு ஆஸ்டின் ஒரு குறையும் வைக்கவில்லை. மேட்டைத் தாண்டியது. ஸ்டேசன் ரோட்டில் தாய்ப்பசுபோல நடந்தது. பஸ் நிலையத்தை நெருங்கும்போது தொப்பிக்காரர் தானாகவே வாயைத் திறந்தார்.

"நல்ல ஓட்டம். ஒரு குத்தம் சொல்ல ஏலாது."

கந்தப்பன் எச்சிலை விழுங்கினான். "அப்ப... பாஸுங்களா?"

"பின்ன? பாஸாகிறதுன்னா இப்பிடி ஓட்டணும்!"

கந்தப்பனுக்குக் காதுக்குள் மேளம் கொட்டியது. நமுனுகுலை பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் பக்கத்துக் காம்பரா பெரியாயி. ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்க வந்தவள். அவளிடம் ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும், அது அவள் ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும்.

"பெரியாயிக்கா! பாஸாயிட்டேன்!" என்று தொங்கும் கோட்டுக் கையை ஆட்டிக்கொண்டே கத்தினான். "வேலாயிகிட்டச் சொல்லுங்க, சட்டிபானையை எல்லாம் டிரைவர் வீட்டுக்குத் தூக்கிரச் சொல்லுங்க!"

"யாரு, கந்தப்பனா? அடியாத்தி, கோட்டெல்லாம் போட்டிருக்கான்!" என்று பெரியாயி பஸ்ஸுக்குள் எல்லாரையும் எழுப்பினாள். "நடுவுல கட்டியிருந்த சேலைய என்னடா செய்ய?"

"கிழிச்சுப் போடச் சொல்லுங்க!"

பஸ் வளைவில் மறைந்தது. அவன் மனசு அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. வேலாயி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, லயம் முழுக்கப் பார்க்க, மேட்டில் ஏறிப் போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள். கொண்டி போடுவாள். திரும்பத் திறப்பாள். திரும்பப் போடுவாள். பைத்தியம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மைதானத்தில் காரை மாமரத்தடியில் நேராக நிறுத்தினான். இறங்கிச் சுற்றிவந்து, தொப்பிக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டு, கைகட்டி நின்றான். கோட்டின் வலது கை மணிக்கட்டில் வளையல்போலச் சுருண்டு கிடந்தது.

தொப்பிக்காரர் மெதுவாக இறங்கினார். தோடம்பழத்தைக் கார் சீட்டில் பத்திரமாக வைத்தார். தொப்பியைக் கழற்றிக் கமுக்கட்டில் இடுக்கிக்கொண்டார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு கடுதாசியை எடுத்தார். 'லைசன்ஸே எழுதி வைத்திருக்கிறாரே!' என்று கந்தப்பன் இரண்டு கையையும் நீட்டினான்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சேர், நீங்க ஓட்டிக் காட்டினத நல்லாப் பாத்துக்கிட்டேன், இப்ப நான் ஓட்டட்டுமா? சீட்டுல தேதி மட்டும் கொஞ்சம் தாண்டிப் போச்சு, பரீட்சகர் நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."