உன் அக்காவுக்குச் சூடு வைத்த விவரம்

அன்புள்ள மச்சானுக்கு,

குழாய்க்கார அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். அங்கே நீயும் உன் வீட்டாரும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் இதற்குள் போன் வந்திருக்கும். உன் சின்ன அக்காவின், அதாவது என் வீட்டுக்காரியின், ஈரலில் இருந்த புற்றுக்கட்டியைச் சுட்டாகிவிட்டது. நீ லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் என் வயிற்றெரிச்சல்.

கத்தி வைத்தால் உடம்பு தாங்காது, ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நீள ஊசியைக் கட்டிக்குள் இறக்கி, அதன் நுனியைச் சூடாக்கிக் கட்டியைப் பொசுக்கிவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது நான் தலையாட்டினேன். கொதித்துப்போனது உன் பெரிய அக்காதான். "அவளுக்குப் பிறந்ததுலேர்ந்தே சூட்டு உடம்பு. அதுல போய் இன்னும் சூடு வைக்கிறதா? என்னத்தப் படிச்சாங்க இவங்க?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சத்தம். அதோடு விட்டாளா? குறித்த நாளன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் வண்டி பிடிக்கப் போன நேரத்தில், உடம்பு குளிரட்டும் என்று ஒரு சொம்பு வெள்ளரிக்காய்ச் சாற்றைத் தங்கச்சி வாயில் ஊற்றிவிட்டாள். மயக்க மருந்து டாக்டர் வந்து, "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்க, இவள் வாயைத் திறக்குமுன் பெரியவள் பெருமையாக, "சாப்பாடெல்லாம் இல்லைங்க, குளிர்ச்சிக்குத்தான் கொஞ்சம் குடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேதி கிடைப்பதற்குள் கட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது. இதைப் பெரியவளிடம் நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே, காலம் முழுக்க அழுவாள்.

இரண்டாவது தடவை, அறைக்குள் அவள், கதவுக்கு வெளியே நான். முழு மயக்கம் இல்லை, அரை மயக்கம்தான். ஊசி இறங்கும்போது ஈரல் அசையக் கூடாதாம், அதனால் ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை அடக்க வேண்டும். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று உள்ளே ஒரு குரல் சொன்னது வெளியேயும் கேட்டது. உன் அக்கா வாயை அடக்கியே நான் பார்த்ததில்லை, மூச்சை எங்கே அடக்கப்போகிறாள் என்று பயந்து நானும் கூடவே பிடித்தேன். "விடுங்க" என்றதும் விட்டேன். கடைசியாக ஒரு தடவை பிடித்தேன், "விடுங்க" வரவேயில்லை; யாரோ கதவை இறுக்கிச் சாத்திவிட்டார்களாம். கண்ணைத் திறந்தால் தரையில் கிடக்கிறேன், நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கம், சுற்றிலும் நர்ஸுகள். அவளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது பக்கத்துக் கட்டிலில் என்னைப் பார்த்துவிட்டு, "உங்களையும் சுட்டுட்டாங்களா?" என்றாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது மச்சான்.

மறுநாள் அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது டாக்டரம்மா வந்து படம் காட்டினார். வெந்த இடம் கறுப்பாக இருந்தது. ஒரு ஓரம் மட்டும் அப்படி இல்லை. "கட்டியை ஒட்டிப் பெரிய ரத்தக்குழாய் போகுது. ஓடுற ரத்தம் சூட்டை இழுத்துக்கிட்டுப் போயிடும். அந்த ஓரத்தைக் கவனிக்கணும், அடுத்த மாசம் திரும்ப ஸ்கேன் பண்ணிப் பாப்போம்" என்றார். பெரியவள் காதில் அடுத்த மாதம் மட்டும் விழுந்தது. அதுவரைக்கும் கவலையில்லை என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நான் செம்புக் குழாய்க்கு ஈயம் பற்றவைத்தே காலம் தள்ளியவன். உள்ளே தண்ணீர் ஓடினால் எவ்வளவு நேரம் தீயைக் காட்டினாலும் ஈயம் பிடிக்காது. அதனால் முதலில் மெயின் வால்வை மூடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். இங்கே எந்த வால்வைப் போய் மூடுவது? ஆனால் குழாய் வேறு, ஈரல் வேறு. நான் டாக்டருக்குப் படித்தவனும் இல்லை. ஆகவே எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, நீ வர வேண்டாம், லீவை வீணாக்காதே.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கட்டும். இந்த வாழ்த்தை முன்பெல்லாம் கைப்பழக்கத்தில் எழுதுவேன், இப்போது யோசித்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
நெற்றி வீங்கிய அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது உன் அக்கா, "படிச்சுக் காட்டுங்க" என்றாள். ரத்தக்குழாய், வால்வு சமாச்சாரத்தை மட்டும் தாண்டிவிட்டு மற்றதைப் படித்தேன். கேட்டு முடித்து, "ரத்தக்குழாயை விட்டுட்டீங்களே" என்றாள். நீ தூங்கிக்கொண்டிருந்தாயே என்றேன். "கண்ணைத்தான் மூடியிருந்தேன். கல்யாணமான புதுசுல உங்க கூட வேலைக்கு வந்து வால்வை மூடிவிட்டது யாரு? தண்ணி ஓடுற குழாய்ல ஈயம் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். நான் பேனாவை மறுபடி எடுத்தேன். அவளே, "தம்பியை வரச் சொல்லுங்க. நான் எழுந்து உட்கார்ந்து அவன்கூடச் சண்டை போடுற தெம்பு இருக்கும்போதே வரச் சொல்லுங்க" என்றாள். மேலே எழுதியதை விட்டுவிடு மச்சான். லீவு போடு, நீளமாகவே போடு.